வேற கை

விமானம் தர்பூசணிக் கொடிக்குள் மூக்குக் குத்தி நின்றது. ஒரு இறக்கை இந்தப் பாத்தியில், இன்னொன்று அடுத்த பாத்தியில்.

ஆற்றங்கரையில் நின்ற ஆம்பளைகள் யாரும் விமானத்தைப் பார்க்கவில்லை. பெய்-ரூவைத்தான் பார்த்தார்கள். ரிமோட் இன்னும் அவள் கையில் இருந்தது.

ஜுவோஷூய் ஆற்றில் இந்தப் பருவத்தில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். காற்று கிளம்பினால் மணலும் கூடவே கிளம்பும். அவள் புருஷன் சோங்-ஷியன் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி வித்தை காட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு வீச்சு மணல் வந்து இரண்டு கண்ணையும் அடைத்துவிட்டது. "பிடி, பிடி" என்று பக்கத்தில் நின்ற மனைவி கையில் ரிமோட்டைத் திணித்தான். அவள் வாங்கி மூச்சு விடுவதற்குள் விமானம் கீழே.

"உன்னுது மட்டும் பட்டாம்பூச்சி மாதிரி பறக்குது. என்னுது உன் கைக்கு வந்ததும் விழுந்துடுச்சா?" சோங்-ஷியன் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டான். "ஞாயித்துக்கிழமை ஆனா நான் இங்க வந்து நிக்கிறது உனக்குப் பொறுக்கல. அதான்."

ஒருவர் உச்சுக் கொட்டினார். குளிர்காலம் பூரா உட்கார்ந்து பலகை பலகையாக இழைத்துச் செய்த விமானமாயிற்றே என்றார் இன்னொருவர். பெண்டாட்டிக்கு முதல் விமானத்தை எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தான், அதற்கு இதுதான் நன்றியா என்று மூன்றாவது ஆள் அவள் காதில் விழவே சொன்னார்.

பார்த்துப் பார்த்து வாங்கினான் என்பது பொய்யில்லை.

அவனுக்கு வாரம் பூரா தொழிற்சாலை, ஞாயிறு ஆற்றங்கரை. புருஷன் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமென்றால் தானும் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதுதான் வழி என்று பெய்-ரூ முடிவு கட்டினாள். நீ எதற்கு என்று முதலில் முணுமுணுத்தான். அப்புறம் என்ன தோன்றியதோ, அவனே ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஷிலோ கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனான்.

கடைக்கார அக்கா பளபளவென்றிருந்த சண்டை விமானங்கள் பக்கமே அவளைத் திரும்ப விடவில்லை. தெர்மோகோல் மாதிரி லேசான மஞ்சள் விமானம் ஒன்றை எடுத்து வைத்தாள். இறக்கை உடம்புக்கு மேலே இருந்தால் தானாகவே நேராகிக்கொள்ளுமாம். விழுந்தால் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாமாம். அதற்கப்புறம், புதிதாக வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"ஜப்பான் கையா, அமெரிக்கக் கையா?"

ரிமோட்டில் இரண்டு குச்சி. ஜப்பான் கை என்றால் வேகம் வலது குச்சியில், மூக்கைத் தூக்குவது இடது குச்சியில். அமெரிக்கக் கையில் அப்படியே மாற்றி. ஒன்றில் பழகின விரல் மற்றதில் முட்டாளாகிவிடும்.

பெய்-ரூ புருஷனைக் காட்டினாள். "இவருக்கு ஜப்பான் கை. எனக்கும் அதேதான்."

"வேணாம் வேணாம், அமெரிக்கக் கையே குடுங்க" என்றான் சோங்-ஷியன். "இப்ப எல்லாரும் அதுக்குத்தான் மாறுறாங்க. என் பழைய பழக்கம் இவளுக்கு எதுக்கு?"

உங்கள் கையே என்றால் நீங்களே சொல்லித் தரலாமே என்று அக்கா இழுத்தாள். சுயமாகக் கற்றுக்கொள்ளட்டும், அப்போதுதான் நிற்கும் என்றான் அவன். குடுத்து வச்சவ நீ என்று அக்கா அவள் தோளைத் தட்டினாள். பெய்-ரூவுக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

ஆற்றங்கரையில் அத்தனை பேரும் ஜப்பான் கை. யாரிடம் போய்க் கேட்டாலும் கையை விரித்தார்கள். புருஷனிடம் கேட்டால், "உன் கை எனக்கு வராதே" என்று சிரித்துவிட்டு, கூட்டாளி வெங் அண்ணனோடு கரையின் அந்தக் கோடிக்குப் போய்விடுவான். அவள் விழுந்தாள், எழுந்தாள். பானையில் அரிசி வெந்துகொண்டிருக்க, சமையல் மேடையில் வைத்து இறக்கை ஒட்டினாள். ஒட்டுப்போட்ட அந்த மஞ்சள் விமானத்தை எந்தக் காற்றிலும் புல்லில் பூப்போல இறக்குகிற அளவுக்குத் தேறியும்விட்டாள்.

அது இன்றைக்குக் குற்றமாகிவிட்டது.

"மூக்கைத் தூக்கணும்னுதாங்க வலது குச்சிய இழுத்தேன்" என்றாள் மெதுவாக. "என் ரிமோட்ல அதுதான் மூக்கு. உங்களுதுல அது வேகம். மோட்டார் நின்னுபோச்சு."

"அதைக்கூட யோசிக்கத் தெரியாதா உனக்கு?"

விரல் யோசித்துவிட்டா போகிறது? "தப்புதாங்க. ஒட்டித் தர்றேன்" என்று ரிமோட்டை அவனிடம் கொடுத்துவிட்டு, கொடியை மிதிக்காமல் பாத்திக்குள் இறங்கி, துண்டு துண்டாகப் பொறுக்க ஆரம்பித்தாள். வால் கிடைத்தது. ஒரு சக்கரம் கிடைத்தது.

கரையில் வெங் அண்ணன் புட்டித் தண்ணீரை ஊற்றிச் சோங்-ஷியன் கண்ணைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டிக்கும் இவன்தான் கூடப்போய் விமானம் வாங்கிக் கொடுத்தான். அந்த அண்ணி இரண்டொரு தடவை வந்து விழுந்ததோடு சரி, அப்புறம் இந்தப் பக்கமே காணோம்.

வெங் அண்ணன் குரலைத் தணித்துத்தான் பேசினார். ஆனால் காற்று பாத்திப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

"சரி விடு தம்பி. வேற கை வாங்கிக் குடுத்துட்டா நாம சொல்லித் தரவும் வேணாம், பக்கத்துல வந்து நிக்கவும் மாட்டா, விழுந்து விழுந்து அலுத்துப்போய் வீட்டோட இருந்துடுவான்னு நீதானே எனக்கு யோசனை சொன்னே? என் வீட்ல பலிச்சுது. உன் வீட்லதான் பாழாப்போனவ கத்துக்கிட்டா."