மேடைக்கு இரண்டு பெயர்கள்

"பொண்ணு மாப்பிள்ளை பேரைக் கல்யாண மேடையில வைக்கோணுங்க. ஒவ்வொரு எழுத்தும் ரெண்டடி இருக்கோணும்" என்றான் சந்திரசேகர். மாரமங்கலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்திருந்தான். தங்கைக்குத் திருப்பூரில் கல்யாணம்.

"ஊட்டுல இருக்கறது எழுத்து வெட்டற சின்ன மிஷினுங்க. அட்டையைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டித் தாரேன்" என்றாள் சுகுணா.

தங்கையின் பெயர் 'வனிதா' முடிந்தது.

"மாப்பிள்ளை பேருங்க?"

"பாலகுமார்."

மிஷின் 'பா'வை வெட்டத் தொடங்கியது.

"நொம்ப நல்லவருங்க. பாவம், மொதல் சம்சாரம் காய்ச்சல்ல செத்துப் போச்சுங்களாம்" என்று செல்போனில் மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினான்.

சுகுணா அதையே பார்த்தாள். மிஷினை அணைத்தாள்.

"ஏனுங்க, பாதியில நிறுத்திட்டீங்க?"



"வேலைக்குப் போனவரு வந்துருவாருன்னு ரெண்டு வருசமாக் காத்திருக்கறனுங்க. அந்தச் செத்துப்போன சம்சாரம் நாந்தானுங்க."