காய்ந்த கிராம்பு

ஷேக் அலாவுதீன், நல்லமுத்துவின் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தார்.

“பாருங்க கிராணி, கிராம்பு வாசம்! கையும் களவுமா மாட்டிக்கிட்டான் படுபாவி.”

கிராம்பு வாசம் வராமல் மல்லிகை வாசமா வரும்? அலாவுதீனின் சரக்குக் கிட்டங்கியில் கிராம்பைக் காயவைப்பதுதானே நல்லமுத்துவின் பிழைப்பு. அதைச் சொல்ல வாயெடுத்தான், பளாரென்று அறை விழுந்தது.

நேற்று மத்தியானம்தான் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி ஜெயராஜ் வந்து, கம்பெனி அலாவுதீனிடம் வாங்கிய கிராம்பு மூட்டைகளை எடைபோட்டு எழுதிக்கொண்டு போனார். இன்று கப்பலுக்கு அனுப்புமுன் மறுபடி தராசில் வைத்தால் எடை குறைகிறது. இடையில் கிட்டங்கியில் இருந்தவன் நல்லமுத்து ஒருவனே.

“நான் திருடல மொதலாளி! சரக்கு ஈரமா இருந்துச்சு. பூஞ்சை புடிச்சிரும்னு கரியடுப்பு மேல தட்டுல பரப்பிக் காயவச்சேன். ஈரத்த இழுக்கட்டும்னு சட்டியில சுட்ட சுண்ணாம்புக்கல்லும் சுத்தி வச்சேன். காஞ்சா எடை குறையாதா?”

“ஈரமா?” ஜெயராஜ் எரிந்து விழுந்தார். “மழை பேஞ்சு எத்தன நாளாச்சு! கூரையும் ஒழுகல. நேத்து மேல் மூட்டையப் பிரிச்சு நானே கடிச்சுப் பாத்தேன்லா. நல்லா காஞ்ச சரக்கு. யாருகிட்ட கதை அளக்கிற?”

“கேட்டியாடா?” அலாவுதீன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “வா, போலீஸ் பாலாய்க்கு! நீ கம்பி எண்ணாம நான் விடமாட்டேன்.”

வீட்டில் நல்லமுத்துவின் மனைவி மீனாட்சிக்கு இது நிறைமாதம். இவன் உள்ளே போய்விட்டால், கடல் கடந்து வந்த ஊரில் அவளுக்கு நாதி ஏது? பயத்தில் வாய்க்கு வந்ததை உளறிக் கொட்டினான்.

“சத்தியமா ஈரந்தான் மொதலாளி! மேல் மூட்டை, அடி மூட்டை, எல்லாமே தொப்பலா நனைஞ்சு கெடந்துச்சு!”

இப்படியும் ஒருவன் கூசாமல் புளுகுவானா! அலாவுதீனுக்குக் கோபம் தலைக்கேறியது. அவனை எட்டி ஓர் உதை விட்டு, ஜெயராஜ் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“பச்சைப் பொய் கிராணி! அடி மூட்டையில மட்டுந்தான் நான் தண்ணி தெளிச்சேன்!”