எட்டு மணி நேரம் நிற்கிற பேட்டரி

"எட்டு மணி நேரம் நிக்கணும்க்கா. நடுவுல அணையக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

முருகையன் செத்த பேட்டரியை மேசைமேல் வைத்தான். பக்கத்திலேயே பிளாஸ்டிக் கவரிலிருந்து கையகலத் திரையுள்ள ஒரு மிஷினை எடுத்து வைத்தான். தண்ணீருக்குள் மீன் எங்கே நிற்கிறதென்று காட்டும் மிஷின். ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், சாத்தனூர் அணையில் இவன் பரிசலில் நாலு நாள் சுற்றிவிட்டு, ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனது.

சந்திரகலா மீட்டர் வைத்துப் பார்த்தாள். செங்கம் ரோட்டில் பதினெட்டு வருஷமாகப் பேட்டரிக் கடை நடத்துகிறவள். ஐந்து மாதத்துக்கு முன் அவளே கொடுத்த பேட்டரிதான் இது. முள் அசையவே இல்லை.

"தினம் ஒட்ட ஒட்ட உறிஞ்சியிருக்க, தம்பி. உள்ள தட்டெல்லாம் உப்புப் பூத்துப் போயிருக்கும். பாதிக்குக் கீழ எறங்க உடாத, எறங்கின அன்னிக்கே சார்ஜ் போடுன்னு தலபாடா அடிச்சிக்கினேனா இல்லியா?"

"சொன்னீங்க. பகல் பூரா ஓடுதேக்கா, நான் இன்னா பண்றது?"

அங்கேதான் சந்திரகலாவுக்கு உறுத்தியது. அவள் பிறந்த ஊர் அணைக்குப் பக்கம். அங்கே வலை விடுவது சாயங்காலம், எடுப்பது விடிகாலை. பகல் வெயிலில் பரிசலெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கும். அந்நேரத்தில் இந்த மிஷினுக்கு என்ன வேலை?

மிஷினின் ஒயரை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மீன் வாடை இல்லை. தைலம் மணத்தது.

கேட்டால் இவன் சொல்லப்போவதில்லை, மிஷினே சொல்லட்டும் என்று உள்ளே போய் லித்தியம் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"பழசுல மூணுல ஒரு பங்கு கனம்கூட இருக்காது. ஜாஸ்தி எறங்கினாலும் தாங்கும். ஆனா இதுக்குன்னு இருக்கற சார்ஜர்லதான் போடணும். பழைய சார்ஜர்ல மாட்டின, அவ்ளோதான். போட்டுப் பாத்துடலாமா?"

"வேணாம்க்கா, நான் வீட்டுக்குப் போயி..."

அவன் முடிப்பதற்குள் சிவப்பையும் கறுப்பையும் மாட்டிவிட்டாள்.

திரை நீலமாக விழித்தது. அடியில் மேடும் பள்ளமும் நகர்ந்தன. நடுவே ஒரு மீன் வந்தது. பின்னாலேயே இரண்டு. அப்புறம் ஒரு கூட்டம்.

சந்திரகலா மிஷினைத் திருப்பிப் பார்த்தாள். தண்ணீருக்குள் விட வேண்டிய சென்சார் மாட்டவே இல்லை.

"ஏன் தம்பி, பொட்டுத் தண்ணி இல்ல. மீனு எங்கேந்து வருது?"

முருகையன் ரோட்டில் போன பஸ் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொய் மீனுக்கா. கடையில வாங்க வர்றவங்களுக்குக் காட்டறதுக்குன்னு கம்பெனிக்காரன் உள்ளயே வெச்சிருக்கான். அண்ணனுக்காகப் போட்டு உடறேன்."

அண்ணன் இருசப்பன் இரண்டு வருஷத்துக்கு முன் கரைப்பாறையில் வழுக்கி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அதுவரை இருவருக்கும் ஒரே பரிசல். அவர் இடம் சொல்வார், இவன் துடுப்புப் போடுவான். படுக்கையில் விழுந்த பிறகு பேச்சே நின்றுபோனது. பரிசலில் ஒரு கருவி கட்டியிருக்கிறேன், அது டவர் வழியாக வீட்டுக்குப் படம் அனுப்பும் என்று புளுகி, இந்த மிஷினை அவர் தலைமாட்டில் வைத்தான் முருகையன். அன்றைக்கே வாய் திறந்தார். பகல் பூராவும் பார்ப்பார். சாயங்காலம் வலை விடவேண்டிய இடத்தைச் சொல்வார்.

"அது அணைஞ்சா பேச்சும் நின்னுடும்க்கா. செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்குவாரு. சோறுகூட வேணாம்பாரு. இன்னிக்குக் காலையில இத எடுத்தாந்துட்டேன், எப்படிக் கெடக்கறாரோ."

"வீட்லதான? அடாப்டர் தரேன், கரண்டுல போட்டுக்க. பேட்டரியே வேணாம்."

"சொல்லிப் பாத்தேன். செவுத்துல சொருகினா அது டிவிடான்றாரு."

சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"அவரு சொல்ற எடத்துலயா வலை போடற?"

"போடாம? மறுநாள் இன்னா மாட்டிச்சின்னு கேப்பாரே."

"மாட்டுதா?"

"மத்தவங்கள விட ஜாஸ்தியாவே மாட்டுதுக்கா. அதான் எனக்கும் புரியல. பொய் மீனு. தினம் அதே மீனு, அதே வரிசையில வருது."

லித்தியம் போதும் என்று முடிவாயிற்று. முருகையன் ஒயரைக் கழற்றினான். திரை கறுத்தது. மிஷினைக் கையில் எடுத்துக் கவருக்குள் வைக்கப்போகும்போது போன் அடித்தது. அண்ணன்.

மற்ற கையால் எடுத்தான். குரல் கடை முழுக்கக் கேட்டது.

"டேய் முருகையா, கெழக்கால மொட்டப் பாறைய ஒட்டி இருவது அடியில கூட்டமா நிக்குதுடா. இன்னிக்கு அங்க உடு வலைய."

"சரிண்ணா" என்றான் முருகையன், பழக்கத்தில்.

பிறகுதான் கையிலிருந்த மிஷினைப் பார்த்தான்.