தெற்குக் காற்று

"ஏம்ப்பா, நம்ம பெஞ்சுல மட்டும் யாருமே உக்கார மாட்டேங்கறாங்க?"

கிரெட்டா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்து, பிரசங்கம் தொடங்காத இடைவெளி. தேவாலயம் முழுக்கக் கேட்டது.

அவள் அப்பா வெர்லின் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான். பன்றிப் பண்ணை வாடை சோப்புக்குப் போகாது, தலைமுடியில் தங்கிவிடும். பாடகர் குழுவில் நின்றிருந்த மனைவி ஜாய்ஸ் காதில் விழாதவள்போலப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

கல்லூரிக்காரர்கள் உட்காரும் வலது பக்கத்திலிருந்து ஆர்டித் எழுந்து வந்தாள். மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். குழந்தைக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எனக்கு வாசனையே தெரியாது கண்ணு. சின்ன வயசுல ஒரு காய்ச்சல்ல போயிடுச்சு. இந்த மூக்கு சும்மா கண்ணாடி மாட்டத்தான்."

பன்னிரண்டு வருடமாக அங்கேதான் உட்காருகிறாள். வெர்லின் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. மூக்கு வேலை செய்திருந்தால் அவளும் வலது பக்கத்திலேயே இருந்திருப்பாள்.

இப்போது ஏப்ரல். சனிக்கிழமை காலை. வயலில் பாய்ச்சப் பன்றி எருக் கரைசல் நிரம்பிய டாங்கரை இழுத்துக்கொண்டு டிராக்டர் வடக்கு வயலின் கோடியில் நின்றது. வேலிக்கு அப்பால் மேட்டில் கல்லூரி. செங்கல் கட்டடங்கள், வெட்டிவிட்ட புல்தரை, புல்தரையில் வெள்ளைக் கூடாரம். இடம் கிடைத்த பிள்ளைகள் பெற்றோருடன் வந்து பார்த்து, சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் நாள்.

அந்தக் கூட்டத்தில் கிரெட்டாவும் இருந்தாள்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் படிப்புக்கு அவளுக்கு இடம் தயாராக இருந்தது. அவளுக்கோ ஊரிலிருக்கும் இந்தச் சின்னக் கல்லூரிதான் பிடித்திருந்தது. ஒரு வகுப்பில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே புத்தகத்தை மூன்று வாரம் பேசுவார்களாம்.

"மூக்கப் பொத்திக்கிட்டா பேசுவாங்க?" என்று காலையில் வெர்லின் கேட்டான்.

"நீங்க ஒரு தடவை வந்துதான் பாருங்களேன்ப்பா" என்று சொல்லிவிட்டு, கிரெட்டா அம்மாவோடு காரில் ஏறினாள்.

அவனுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? தினமும் பார்க்கிறான். அவன் வீட்டைத் தாண்டும்போது கார்க் கண்ணாடிகள் ஏறுகின்றன. உள்ளே பிள்ளைகள் முகத்தைச் சுளித்து வாந்தி எடுப்பதுபோல் நடித்துச் சிரிக்கிறார்கள். அதே பிள்ளைகள் காலையில் கல்லூரி உணவறையில் பன்றி இறைச்சியை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்கிறார்கள். ஒருநாள் ஒரு பேராசிரியர் வழி கேட்க வண்டியை நிறுத்தினார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே நன்றி சொன்னார். நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது.

வருடா வருடம் இந்த நாளுக்கு முன்னால் கல்லூரியிலிருந்து தொலைபேசி வரும். அன்று மட்டும் எரு விட வேண்டாமே என்று குழைவார்கள். வருடா வருடம் அன்றைக்குத்தான் விடுவான்.

இந்த முறை பேசியவள் ஆர்டித்.

"வெர்லின், நேத்து கீழ்க்காட்டுல கொஞ்சம் விட்ட போல. வயத்தப் புரட்டி, ஜன்னலச் சாத்திட்டுல்ல உக்காந்திருந்தேன். சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் விடாம இரேன்ப்பா."

தொலைபேசியை வைத்துவிட்டான். கடைசியில் இவளும் அவர்களோடு சேர்ந்துகொண்டாளே என்று அருவருப்பாக இருந்தது.

தெற்குக் காற்று மேட்டை நோக்கி நன்றாக வீசியது. திங்கட்கிழமை மழை என்று வானொலி சொல்லியிருந்தது. நனைந்துவிட்டால் இரண்டு வாரத்துக்கு வயலில் டிராக்டர் இறங்காது. கொட்டகைக்கு அடியில் எருக் குழி நிரம்பி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. காரணம் கேட்பவர்களுக்கு இது போதும்.

உண்மைக் காரணம் வேறு. கூடாரத்தில் இருக்கும் அத்தனை பேரும் கிரெட்டாவின் கண்முன்னால் மூக்கைப் பொத்த வேண்டும். யார் நடுவில் உட்காரப் போகிறோம் என்று அவள் பார்க்க வேண்டும். பார்த்தால் திரும்பி வந்துவிடுவாள்.

எருவைத் திறந்துவிடும் விசையில் கை வைத்தான். மேட்டில் அலுவலகக் கட்டடம் தெரிந்தது. மேல் மாடியில் வரிசையாக ஜன்னல்கள். எது அவளுடையதோ.

ஜன்னலைச் சாத்திக்கொண்டாளாம்.

ஆர்டித்.

வாசனையே தெரியாதவளுக்கு வயிற்றைப் புரட்டியதாம்.

கை விசையிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்க்க முயன்று, எண்ண முடியாமல் விட்டான். கோடையில் கதவெல்லாம் சாத்தி வியர்த்து ஊற்றிய ஞாயிறுகள் இருந்தன. குழி இறைத்த மறுநாள்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில்கூட அவள் கைக்குட்டையை எடுத்ததில்லை. பிரசங்கம் நீண்ட நாள்களில் கிரெட்டா அவள் மடியில் தலைவைத்துத் தூங்கியிருக்கிறாள். அந்தத் தலையில்தான் அவள் முகத்தைச் சாய்த்துக்கொள்வாள்.

வெர்லின் விசையிலிருந்து கையை எடுத்தான்.

இறங்கி, டாங்கரின் மூடியைப் பார்த்து இறுக்கித் திருகினான். டிராக்டரைத் திருப்பிக் கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தி, கதவைச் சாத்தினான்.

சாயங்காலம் கிரெட்டா கல்லூரியின் பெயர் போட்ட புதுச் சட்டையோடு வந்தாள். சட்டையை அப்பா பார்த்துவிட்டார் என்பதைப் பார்த்தாள்.

"காத்து அந்தப் பக்கந்தானேப்பா அடிச்சுது?" என்றாள் மெதுவாக. "நாத்தமே வரலையே?"

"பம்பு மக்கர் பண்ணிடுச்சு" என்றான் வெர்லின்.