பக்கத்து ஜாடிக்காரி

அருங்காட்சியக அலமாரியில் இரண்டு கிளிமீன்கள் பக்கத்துப் பக்கத்து ஜாடிகளில், ஸ்பிரிட்டில் மிதந்தன. ஒரே வலையில் வந்தவைதான். ஊறி ஊறி இரண்டுமே வெளுத்துப் போயிருந்தன. ஆனாலும் ஒரு ஜாடியின் சீட்டில் 'பச்சைக் கிளிமீன்' என்றும், மற்றதில் 'பழுப்புக் கிளிமீன்' என்றும் எழுதியிருந்தது. பச்சைக்கு அது போதாதா?

"ஏய், உன் இனம் வேற, என் இனம் வேற. என் ஜாடிப் பக்கம் மூஞ்சியத் திருப்பாத" என்று தினமும் ஏசும். பழுப்பு வாயே திறக்காது.

ஒருநாள் ஆய்வாளர் ஜெசிந்தா இரண்டையும் வெளியே எடுத்து, பல்லையும் எலும்பையும் ஒப்பிட்டு, வயிற்றைக் கீறிப் பார்த்தார். "அட, ரெண்டும் ஒரே இனம் சார்! பழுப்பு பெண், பச்சை ஆண்!" என்று அடுத்த மேசைக்காரரிடம் கத்தினார்.

ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால், முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது ஆய்வாளர்கள் விதி. முதலில் பெயர் வாங்கியது பழுப்பு. ஆகவே பச்சையின் ஜாடியிலும் 'பழுப்புக் கிளிமீன்' என்ற சீட்டு ஏறியது.

பச்சைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அநியாயம்! நான் பொறந்ததுலேர்ந்தே பச்சை!" என்று அலறியது.

ஜெசிந்தா விடவில்லை. "இன்னொண்ணு பாருங்க சார், வயித்துல பழைய முட்டைப்பையோட தடம் இருக்கு. இந்தப் பச்சையும் முதல்ல பழுப்புப் பெண்ணாத்தான் இருந்திருக்கு. வளந்தப்புறம்தான் நிறம் மாறி ஆணாயிருக்கு."

அப்போதுதான் பழுப்பு முதன்முதலாக வாயைத் திறந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியும். சொன்னா நம்பவா போற? ஒரே பாறையிலதானே நாம ரெண்டு பேரும் பாசி கொறிச்சோம், அக்கா."