அரவணைப்பு, எண் எட்டு

எட்டாவது சிற்பத்தின் பெயர் ‘அரவணைப்பு’ என்றாள் வழிகாட்டிப் பெண்.

இருபது பேர் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு கருவியைக் காதில் மாட்டிவிட்டிருந்ததால் அவள் குரல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது. தலைகளும் ஒரே நேரத்தில் ஆடின.

அது சிற்பமே இல்லை. தகடு அழுத்தும் பிரஸ். மோட்டாரைக் கழற்றி வீசிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு இறக்கைகளைப் பற்றவைத்து, மொத்தத்துக்கும் ரோஜா நிறப் பெயின்ட் அடித்திருந்தார் கலைஞர். பற்றவைப்பும் சுமார்தான்.

“ரெண்டு பக்கமும் இருக்கிற பச்சை வட்டங்களைப் பாருங்க. வா, வந்து கட்டிப்பிடின்னு நம்மளக் கூப்பிடற மாதிரி இல்ல?”

தொப்பி போட்ட ஒருவர் “அப்படியே கூப்பிடுது” என்றார். ஐந்தாம் எண்ணில், நட்டுகளை ஒட்டிச் செய்த குதிரையைப் பார்த்து ‘என்ன உயிரோட்டம்’ என்றவரும் இவர்தான். அந்தக் குதிரைக்கு நான்கு கால்களும் ஒரே பக்கமாக மடிந்திருந்தன. படுத்தால் எழுந்திருக்க முடியாத குதிரை.

பச்சை வட்டங்கள் என்பவை பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். ஏன் இரண்டு? மனிதனுக்குக் கைகள் இரண்டு. இரண்டும் பொத்தான்களில் இருந்தால், ஒரு கைகூடத் தகட்டின் மேல் இருக்க வழியில்லை. இந்தத் தொழிற்பேட்டை முழுக்க நிறுத்திவைத்திருக்கும் பன்னிரண்டு சிற்பங்களில் இதைவிட அழகான யோசனை ஒன்றைக் காட்டட்டும், பார்க்கலாம். கட்டிப்பிடிக்கக் கூப்பிடுகிறதாம். கையைத் தள்ளி வை என்று சொல்வதற்காகவே செய்த ஏற்பாடு அது.

இதை அக்காவின் காதில் சொன்னேன்.

“பாடம் நடத்தினது போதும்டா. பெட்டி எதுன்னு காட்டு.”

அவளுக்குத் தெரியாததா? அத்தான் இதே பிரஸ்ஸில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். இது ஓடிய ஆலையில் என்னை எலக்ட்ரீஷியனாகச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். போன வருடம் இடது கையை மணிக்கட்டோடு இதற்குக் கொடுத்தார்.

இடது பொத்தானில் அவரே குச்சியைச் சொருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டினார் என்று விசாரணை அறிக்கையில் எழுதினார்கள். விபத்து நடந்த மறுநாளே பிரஸ் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ‘தானே வரவழைத்துக்கொண்டது’ என்ற அந்த ஒரு வரிக்குப் பிறகு அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. போகட்டும். இப்போதெல்லாம் அவரே, “ஒருவேளை நான்தான் சொருகினேனோ?” என்று கேட்கிறார். அக்காவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

கண்காட்சித் துண்டுப் பிரசுரத்தில் இதன் படத்தைப் பார்த்தாள். இரும்பில் வார்த்த எண் பெயின்ட்டுக்கு அடியிலும் தெரிந்தது. அறிக்கையில் இருந்த அதே எண். பொத்தான் பெட்டியைத் திறந்து, கோளாறு எதாவது உண்டா என்று பார்த்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டாள்.

“உள்ள ஒண்ணும் இருக்காதுக்கா. அந்த ஆர்ட்டிஸ்ட் எல்லாத்தையும் உருவிப் போட்டிருப்பாரு.”

“இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சுட்டுப் போறேன்.”

கூட்டம் ஒன்பதாம் எண்ணுக்கு நகர்ந்தது. அக்கா ‘தொடாதீர்கள்’ பலகையைத் தாண்டிப் போய், கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். என் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தது.

பொத்தான்களுக்குப் பின்னால் ஒரு சிறிய இரும்புப் பெட்டி. நான்கு ஸ்க்ரூ. ரோஜா நிறப் பெயின்ட் அவற்றின் தலைக் காடியில் உறைந்து, ஒன்றும் அசையவில்லை.

காதுக்குள் வழிகாட்டி பேசிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது சிற்பம் நாற்காலி இல்லையாம். நாற்காலியைப் பற்றிய கேள்வியாம்.

“எடுத்ததும் கழட்டப் பாக்காதக்கா. முதல்ல கொஞ்சம் இறுக்கு. பெயின்ட் விட்டுக் கொடுக்கும், அப்புறம் திருப்பினா தானா வரும்.”

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு அது வராது.

இறுக்கினாள். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூடி கழன்றது.

உள்ளே தூசி. தூசிக்குள், இடது பொத்தானின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள் ஒயர்.

அவ்வளவுதான் விஷயம். இடது பொத்தானை யாரோ எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதாக அந்த ஒயர் பிரஸ்ஸிடம் பொய் சொல்லும். பிறகு வலது கை மட்டும் போதும். இடது கை சும்மா இருக்கிறதே, தகட்டைத் தள்ளட்டும். மணிக்கு இரண்டு மடங்கு வேலை. பிரஸ் ஓட்டுபவர்கள் இந்தப் பெட்டியைத் திறப்பதில்லை. குச்சியும் தேவையில்லை.

“குச்சியாம் குச்சி!” என்று அக்கா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

ஒயரில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. எலக்ட்ரீஷியன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தற்காலிகமாக எதை மாற்றினாலும் தேதியையும் காரணத்தையும் எழுதி ஒட்டிவிடுவார்கள், அடுத்து திறக்கும் ஆள் குழம்பக் கூடாது என்று.

அக்கா தூசியை ஊதிவிட்டுத் தேதியைப் படித்தாள். விபத்துக்கு இருபத்தொரு நாள் முந்தைய தேதி. கைப்பேசியில் படம் எடுத்தாள். அடுத்த வரியைச் சத்தமாகப் படித்தாள்.

“தற்காலிகம். சூப்பர்வைசர் சொன்னபடி.”

இன்னொரு முறை படித்தாள், இந்த முறை சத்தமில்லாமல், எழுத்து எழுத்தாக விரலை நகர்த்தி. பிறகு விரல் நின்றுவிட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

டேப்பில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. எனக்குக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் அக்காதான்.