தானியேல் சொன்ன வாக்கியம்

தானியேல் எழுந்து நின்றதும் மெர்சி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்தபின், கும்மிடிப்பூண்டி கம்பெனி ஆட்களுக்காக மாதா கோயிலுக்குள்ளேயே நடக்கும் இங்கிலீஷ் வகுப்பு. இன்று கடைசி நாள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு வாக்கியம் பேச வேண்டும்.

தானியேலுக்குத் திக்குவாய். டீக்கடையில் விரலைக் காட்டுவானே தவிர வாயைத் திறக்க மாட்டான். வீட்டில் பெண்டாட்டி மெர்சியைக் கூப்பிடுவதும் 'இந்தா'வோடு சரி.

இன்றைக்குக் கூட்டம் சிரித்துவிட்டால், பேசுகிற நாலு வார்த்தையும் போய்விடும். மெர்சிக்கு அதுதான் பயம்.

ஹெலன் டீச்சர் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம். முதலில் யார், அடுத்து என்ன செய்கிறார், கடைசியில் எதை. நம் ஊர்ப் பேச்சில் கடைசியில் வருகிற வினை, இங்கிலீஷில் முண்டியடித்து நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு என்ன அவசரமோ!

பிரஸ் மெஷினில் தானியேல் நாள் முழுக்கச் செய்வதும் மூன்றே வேலைதான். தகட்டை வை, அழுத்து, எடு.

அவன் கை அந்தரத்தில் அப்படியே போனது. வைத்தான், அழுத்தினான், எடுத்தான்.

"ஐ... ஆப்பரேட்... எ மெஷின்."

ஒரு சொல்கூடச் சிக்கவில்லை! மெர்சி வாயைப் பிளந்தாள். மூன்று வீச்சில் மூன்றும் முழுசாக வந்து விழுந்தன. அம்மாடி, இது அவள் புருஷன்தானா?

பின்னாலிருந்து, கூட வேலை செய்யும் ஜெயராஜ், "இன்னாடா இது, நம்ம தானியேலா பேசுறான்!" என்றான்.

தப்பித்தாய், உட்கார்ந்துகொள் சாமி, என்று மெர்சி மனசுக்குள் கும்பிட்டாள். டீச்சரோ அடுத்ததாகக் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லச் சொன்னார்.

முதலில் யார். மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

தானியேல் அவள் பக்கம் திரும்பினான். கழுத்து நரம்பு புடைத்தது. கை மெல்ல எழுந்தது.

"மெர்சி... இஸ்... மை வைஃப்."

எல்லோரும் கைதட்டினார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூட வருகிற வாக்கியம்தானே என்று யாரோ சொன்னார்கள். மெர்சி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஏழு வருஷத்துக்கு முன், இதே பீடத்தின் முன்னால், கல்யாண வாக்குறுதி சொல்லும்போது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மெ... மெ..." என்று அவன் வியர்த்து நின்றான். கூட்டம் சிரித்தது. கடைசியில் அந்தப் பெயரை அவனுக்காகப் பாதர்தான் சொல்லி, கல்யாணத்தை முடித்துவைத்தார்.